தட்டினால் கூப்பிடும் பெட்டி

"அடுத்தவன் காரை பிளாக் பண்ணி நிறுத்திட்டு, காகிதத்துல போன் நம்பர் எழுதி வைக்கிற கற்காலம் இன்னையோட முடிஞ்சுது, மேடம்."

பிரிக்பீல்ட்ஸ் காப்பிக்கடைக்குப் பத்து நிமிடம் தாமதமாக வந்த லோகேஷ், உட்காருமுன்னே அறிவித்தான். கார்க் கண்ணாடியைத் தட்டினால் உரிமையாளரின் கைபேசியை அழைக்கும் பெட்டி அவன் கண்டுபிடிப்பு. எதிரே இருந்த மெய்யம்மை மனம் வைத்தால் அதற்கு நிதி கிடைக்கும்.

"வெயில் தாங்குமா தம்பி?"

கூட்டாளி யாழினி ஒரு தாளை நீட்டினாள். "முதல் ரெண்டு மாசம் வெயில் சோதனைதான் மேடம். அப்புறம் பேட்டரி. அதுக்கப்புறம்தான் நூறு பெட்டி."

லோகேஷ் தாளைத் தள்ளிவிட்டான். "ஐடியா இல்லாதவங்கதான் பிளான் போடுவாங்க லா."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று கிளம்பிய மெய்யம்மை, வியர்வையோடு திரும்பி வந்தார்.

"என் காரை ஒரு நீல மைவி கார் பிளாக் பண்ணியிருக்கு. போன் நம்பர் இல்ல. உள்ள ஒரு டப்பாவுல 'தட்டுங்க'ன்னு எழுதியிருக்கு. பத்து நிமிஷமா தட்டறேன்."

லோகேஷ் கைபேசியைப் பார்த்தான். அழைப்பே வரவில்லை. கார்ச் சாவியை எடுத்தான்.

"யாழினி, அந்தத் தாளைக் கொடும்மா. வெயில் சோதனைக்கு நான் பணம் தரேன்" என்றார் மெய்யம்மை.

லோகேஷ் காரை நகர்த்தினான். வேறு இடமில்லாததால் இன்னொரு காரை மறித்து நிறுத்தினான். பிறகு காப்பி ரசீதின் பின்புறம் தன் நம்பரை எழுதி, வெந்து கிடந்த பெட்டியின்மேல் சத்தமில்லாமல் சாய்த்து வைத்தான்.