நான்காவது கடை

உள்ளே வந்தவரைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தாள்.

சூப்பர்வைசர்.

தலை நரைத்திருந்தது. தோள் இறங்கியிருந்தது. ஆனால் எந்த மேசையைக் கண்டாலும் உள்ளங்கையால் ஒரு முறை தடவிப் பார்க்கிற பழக்கம் போகவில்லை. இஸ்திரி மேசைமேல் புதிதாக விரித்திருந்த கம்பளியைத் தடவிவிட்டுத்தான் வணக்கம் சொன்னார்.

அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

திங்கட்கிழமை அவள் சலவைக் கடை திறக்க வேண்டும். ஒரு ஹோட்டலின் சீருடைகள் மொத்தத்தையும் துவைத்துத் தேய்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். சட்டைக்கு நல்ல கை ஒன்று அமையாவிட்டால் முதல் வாரமே அந்த வேலை கையை விட்டுப் போய்விடும். காலையிலிருந்து வேலை கேட்டு வந்த யாரும் தேறவில்லை. ஒருவன் காலரில் மஞ்சளாகத் தடம் பதித்துவிட்டுப் போனான். இன்னொருவர் கடைசிவரை பெட்டியை அழுத்தவே இல்லை.

"இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்கிறாரா, பாம்பைப் பிடிக்கிறாரான்னே தெரியலைக்கா," என்றாள் தங்கை. ஆட்களை ஒவ்வொருவராக உள்ளே அனுப்புவது அவள் பொறுப்பு.

தங்கைக்கு இவரைத் தெரியாது. நடந்ததை அவள் தங்கையிடம்கூடச் சொன்னதில்லை.

பெரிய சலவையகத்தில் அவள் வேலை கேட்டுப் போன நாள் அது. அங்கே சூப்பர்வைசராக இருந்த இவர் தனியாக உள்ளே கூப்பிட்டு ஒரு வெள்ளைச் சட்டையைக் கொடுத்தார். தேய்த்தாள். தூக்கிப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் அதை உருண்டையாகக் கசக்கி மேசையில் போட்டார். மறுபடி தேய்த்தாள். மறுபடி கசக்கினார். மூன்றாவது முறையும் கசக்கியபோது அவள் கண்ணீர் சட்டைமேல் விழுந்தது.

தண்ணி தெளித்தது போதும், கிளம்பு என்றார்.

பிறகு வேறெங்கோ தொழில் கற்றாள். வேறு யாரிடமோ நல்ல பெயர் வாங்கினாள். ஆனால் தேய்த்து முடித்த ஒவ்வொரு சட்டையையும் தூக்கிப் பார்க்கும்போது அந்தக் கை குறுக்கே வரும்.

இப்போது அந்தக் கை வேலை கேட்டு வந்திருந்தது. சலவையகத்தை மூடிவிட்டார்கள், மகன் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட மனம் ஒப்பவில்லை என்றார்.

அவள் வெள்ளைச் சட்டையை எடுத்து நீட்டினாள்.

காலரின் உள்பக்கத்தில் தொடங்கினார். நுனியிலிருந்து நடுவுக்கு. பிறகு தோள்பட்டை, கைமடிப்பு, கை. பொத்தான்களுக்கு நடுவே பெட்டியின் மூக்கு நூல் பிடித்தாற்போல் போய் வந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. பாழாய்ப் போன அந்தக் கை இன்னும் அப்படியே இருந்தது.

வெளியே நிற்கிறவர்களைப் போகச் சொல்லிவிட்டு இவரை வைத்துக்கொண்டால் எல்லாக் கவலையும் அத்தோடு தீரும்.

அவள் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு கையாலும் கசக்கி மேசையில் போட்டாள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. சட்டையை உதறி விரித்தார். காலரின் உள்பக்கத்தில் தொடங்கினார்.

மறுபடியும் கசக்கினாள். இந்த முறை நிதானமாக, முஷ்டிக்குள் துணி முறுகுவதை ரசித்தபடி.

கதவருகே நின்ற தங்கை, "அக்கா, உனக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

அவள் திரும்பவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படட்டும். கெஞ்சட்டும். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். கேட்டால் சொல்வதற்கு வருஷக்கணக்கில் மெருகேற்றி வைத்திருந்த பதில் அவள் நாக்கு நுனியில் நின்றது.

அவர் கேட்கவில்லை. நெற்றி வியர்வை சட்டையில் சொட்டாமல் தோளில் துடைத்துக்கொண்டு இரண்டாவது முறையும் தேய்த்து முடித்தார். முதல் முறையைவிட நன்றாக வந்திருந்தது.

அவள் கை நீண்டது.

அதற்குள் அவரே சட்டையை எடுத்தார். உருண்டையாகக் கசக்கினார். அவள் முன்னால் வைத்தார்.

"மூணாவதை நானே பண்ணிடறேம்மா. இந்த வாரத்துல இது நாலாவது கடை."

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. பக்கத்துத் தெருவில், மார்க்கெட் பின்னால், பேருந்து நிலையத்துக்கு எதிரில் என்று கடை போட்டிருக்கிறவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. விசேஷங்களில் பார்த்தால் சிரித்துப் பேசுகிறவர்கள். ஒருவர்கூட ஒரு நாளும் அவர் கசக்கிப் போட்ட சட்டையைப் பற்றி வாய் திறந்ததில்லை. அவளும்தான்.

"நீங்க எந்த வருஷம் வந்தீங்க?" என்று அவர் கேட்டார். குரலில் கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அவள் வருஷத்தைச் சொன்னாள். மழைக்காலம் என்றாள். சட்டைமேல் அழுததையும் சொன்னாள்.

அவர் அவள் முகத்தை முதல்முறையாக நன்றாகப் பார்த்தார். கண்ணைச் சுருக்கி யோசித்தார். உண்மையிலேயே முயன்றார் என்பது தெரிந்தது. பிறகு மெல்லத் தலையை ஆட்டினார்.

"நிறைய பேர் அழுதிருக்காங்கம்மா."

பெட்டியின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, அடுத்த கடைக்குப் போகிறவர் போல வாசல் பக்கம் திரும்பினார்.

திங்கட்கிழமை காலையில் வந்துவிடச் சொன்னாள்.

தங்கை நிம்மதியாக மூச்சு விட்டாள். ஹோட்டல் வேலை தப்பித்தது என்று நினைத்திருப்பாள். அவர் நம்ப முடியாமல் நின்றார், கையெடுத்துக் கும்பிட்டார்.

அவள் பதிலுக்குக் கும்பிடவில்லை. தன் முகம் அவருக்கு ஞாபகம் வருகிறவரை அவரை விடுவதாக இல்லை.