இரண்டே முக்கால் அடி

"அப்ப தப்பு யாரு மேல?" என்று அண்ணன் மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

நான் பின்னறையில் நடந்துகொண்டிருந்தேன். உட்கார முடியவில்லை. நிம்மதியாக நடக்கவும் முடியவில்லை. அலமாரியை நிறுத்த இடம் வேண்டுமென்று அறை நடுவில் இழுத்துப் போட்டிருந்த தையல் மெஷின் அதற்குள் இரண்டு தடவை என் முழங்காலைப் பதம் பார்த்துவிட்டது.

சுவருக்குச் சுவர் அடைத்துக்கொண்டு நிற்கவேண்டிய அலமாரி. ஜன்னல் பக்கம் இரண்டே முக்கால் அடி காலியாகக் கிடந்தது.

தச்சர் ஓரமாக நின்று பையைத் துழாவினார். தப்பு அவருடையது என்றால் ஐந்து கதவையும் கழற்றி, கொண்டுபோய், முதலிலிருந்து செய்து தரவேண்டும். எங்களுடையது என்றால் வாயை மூடிக்கொண்டு இதையே வைத்துக்கொள்ளவேண்டும். ஆரம்பத்திலேயே பேசிக்கொண்டதுதான்.

அவர் வேலையில் ஒரு கண்டிப்பு உண்டு. அளவை எழுதித் தந்தால் வாங்கமாட்டார். தப்பாக எழுதிவிட்டு நான் எழுதவே இல்லை என்று சாதிக்கிற ஆட்களை நிறையப் பார்த்துவிட்டாராம். வீட்டுக்காரரே கயிறு பிடித்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டுத் தரவேண்டும். முடிச்சிலிருந்து முடிச்சு வரை மரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பிடித்தோம். அந்தச் சுவரில் அண்ணன், இந்தச் சுவரில் நான். அண்ணன் குனிந்து முடிச்செல்லாம் போடமாட்டார். இரண்டையும் நானே போட்டேன்.

மெஷின் எங்கே போகும் என்று அன்று என் மனைவி கேட்டாள். மாடிப்படிக்குக் கீழே என்றார் அண்ணன். அங்கே ஜன்னல் இல்லையே என்றாள். பல்பு போட்டுக்கொள்ளலாம் என்றேன் நான். சரி என்று உள்ளே போய்விட்டாள்.

அவள் சரி என்றால் சரிதான். பதினோரு வருஷமாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் காலையில் ஆபீசுக்கு நேரமாகிவிட்டதால் கயிற்றைச் சுருட்டி அவளிடமே கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். தச்சர் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது அவர் அதே கயிற்றைப் பையிலிருந்து எடுத்தார். அலமாரியின் ஒரு ஓரத்தில் ஒரு முடிச்சை வைத்து அழுத்தி, மறு முனையை இழுத்துக்கொண்டு போனார். மறு ஓரத்தில் மறு முடிச்சு கச்சிதமாக வந்து நின்றது. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்கு நாற்பது வருஷமாகத் தெரியும். கல்யாண மண்டபம் மாறிப் போய் யாரோ ஒருவருக்கு மொய் எழுதிவிட்டு வந்தேனே, அன்றைக்கும் இதே பார்வைதான். அளந்தது இரண்டு பேர் என்றாலும் அண்ணன் நின்ற பக்கம் தப்பு நடக்காது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. இந்த ஒரு தடவை நான் சரியாகத்தான் அளந்தேன். சத்தியம் பண்ணுவேன். கயிற்றைத் தச்சரின் கையிலிருந்து ஏறக்குறையப் பிடுங்கினேன்.

ஒரு முனையில் என் முடிச்சு. நெல்லிக்காய் பருமனுக்கு, கோணலாக, வால் தொங்கிக்கொண்டு. நான் போட்டால் அப்படித்தான் வரும்.

மறு முனையில் இருந்தது வேறு. மிளகளவு. இறுக்கமாக, வாலை ஒட்ட நறுக்கிய முடிச்சு.

எனக்கு ஒரே சந்தோஷம். இது நான் போட்டதே இல்லை, யாரோ கயிற்றைக் குறைத்திருக்கிறார்கள் என்று சொல்லப்போனேன். சொன்னால் தச்சர் மாட்டிக்கொள்வார். மாட்டிக்கொள்ளட்டுமே, நான் தப்பித்தால் போதும் என்றுதான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து என் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். மெஷின் வழியை மறித்துக்கொண்டிருந்தது. நின்றுவிட்டாள்.

இடைஞ்சலாக இருக்கிறதே என்று தச்சர் மெஷினைப் பிடித்துத் தள்ளினார். கண்ணில் பட்ட காலியிடம் ஒன்றுதான். அங்கே தள்ளினார்.

மெஷின் உள்ளே போய் உட்கார்ந்தது. அலமாரிக்கும் அதற்கும் நடுவில் ஒரு விரல் நுழையாது. அந்தப் பக்கம் சுவருக்கும் அதற்கும் நடுவிலும் நுழையாது. ஜன்னல் வெளிச்சம் நேராக ஊசியின்மேல் விழுந்தது.

தச்சர் மெஷினைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

என் மனைவி மெஷினைப் பார்க்கவே இல்லை. என் கையில் இருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டில் டம்ளர்கள் லேசாக இடித்துக்கொண்டன.

"வாயத் தொறந்து சொல்லேன்டா" என்றார் அண்ணன்.

நான் கயிற்றைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"நான்தாண்ணே. தப்பா அளந்துட்டேன்."

தெரிந்த விஷயம்தானே என்று அண்ணன் எழுந்து வேட்டியை உதறினார். இனி இந்த வீட்டில் எதை அளப்பதென்றாலும் இவன் கையில் கயிற்றைக் கொடுக்காதீர்கள் என்று தச்சரிடம் சொன்னார். தச்சர் தலையாட்டினார். அலமாரி அப்படியே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் பொய் சொன்ன மாதிரி இல்லை.

எங்கள் வீட்டில் தண்ணீர் என்றாலும் முதல் டம்ளர் அண்ணனுக்குத்தான். அவரும் பழக்கத்தில் கையை நீட்டினார்.

அவள் தட்டை என் பக்கம் திருப்பினாள்.