பொம்மை ஜோசியம்

"பொம்மை நிக்கிற எடத்துலதான் மச்சான் சிமெண்டு போகும்" என்றார் ஜீவரத்தினம், ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே. கம்பி வியாபாரி சம்பத் பின்னால் ஏறிக்கொண்டார்.

ஜீவரத்தினத்துக்குக் குரோம்பேட்டையில் சிமெண்டுக் கடை. அடுத்த வருஷம் எந்தப் பக்கம் கட்டடம் எழும் என்று பேப்பர்காரன் எழுதுவதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். காலி மனையில் கம்பு நட்டு, வைக்கோல் திணித்த திருஷ்டி பொம்மையைக் கட்டிவிட்டார்களா, அஸ்திவாரம் நிச்சயம். இந்தக் கணக்கை வைத்துத்தான் பெருங்களத்தூரிலும் ஊரப்பாக்கத்திலும் மற்றவர்களுக்கு முந்திச் சரக்கை இறக்கினார். ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

போன வாரம் பொத்தேரியில், காலேஜைத் தாண்டி, வரிசையாகப் பொம்மைகள். பார்த்ததிலிருந்து மனுஷனுக்குத் தூக்கமே போச்சு. குடியிருக்கும் வீட்டை விற்று அங்கே பெரிய குடோன் போடுவது, சம்பத்துக்குப் பாதிப் பங்கு என்று பேச்சு முடிந்தது.

அந்த வீடு மனைவி கங்கையம்மாளின் அப்பா கட்டி, மாப்பிள்ளை பேருக்கே எழுதிக் கொடுத்தது. அவள் அழுதாள், சண்டை போட்டாள், பட்டினி கிடந்தாள். இவர் மசியவில்லை. நடுரோட்டில் உடைத்த பூசணிக்காயைக் கண்டாலே பயந்து சுற்றிக்கொண்டு போகிறவள், பாவம், வேறென்ன செய்வாள்? குன்றத்தூர் முருகனிடம் முறையிட்டு வருகிறேன் என்று சனிக்கிழமை கிளம்பியவள் இருட்டித்தான் திரும்பினாள். அப்புறம் வீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்கு அட்வான்ஸ் வாங்குவதாக இருந்தது. அதற்கு முன் கடைசியாக ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்றுதான் இருவரும் கிளம்பினார்கள்.

பொத்தேரியில் கம்பு மட்டும் நின்றது. ஒன்றில்கூடப் பொம்மை இல்லை.

"எவனாச்சும் அவுத்துகினு போயிருப்பான்" என்றார் சம்பத்.

"அடுத்தவன் திருஷ்டி பொம்மையை எவன்யா தொடுவான்? தொட்டா மொத்தத் திருஷ்டியும் அவன் தலையிலதான் விடியும். மனைக்காரங்களே அவுத்துட்டாங்க. இங்க ஒண்ணும் வராது மச்சான்."

நல்லவேளை தப்பித்தோம் என்று ஆகிவிட்டது அவருக்கு. வீட்டுக்கு வந்து, விற்கப்போவதில்லை என்று கங்கையம்மாளிடம் சொன்னார். வெந்நீர் காய்கிறது, குளித்துவிட்டு வாருங்கள் என்றாள்.

கொல்லைப்புறம் போனார். அடுப்பில் வைக்கோல் திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு சாக்கு மூட்டை. அதன் வாய் வழியாக, முறுக்கு மீசையும் தொங்கின நாக்குமாக ஒரு பொம்மை அவரையே பார்த்தது.

பின்னாலேயே வந்து நின்றாள் கங்கையம்மாள்.

"திருஷ்டி எந்தலையோட போவட்டுங்க. எங்கப்பன் கட்டின வூடு நிக்கட்டும்."