நான்காவது எலுமிச்சை

யுத்தத்தால் புது டயரே கிடைக்காத வருஷம். ராசிபுரத்தில் வாடகைக் கார் ஓட்டிய சென்னியப்பன், இடப்பக்கப் பின் டயரில் நூல் தெரிவதைப் பார்த்தான். காருக்குள் பூவாத்தாள் பிரசவ வலியில் முனகினாள்.

“சேலம் வரைக்கும் தாங்குமாங்க?” என்றான் வெளியே நின்ற அவள் புருஷன் நாச்சிமுத்து.

சென்னியப்பன் வழக்கம்போல் நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சை வைத்து வண்டியை நகர்த்தினான். மூன்று நசுங்கின. அந்தப் பின் டயர் ஏறி இறங்கிய பழம் முழுசாகக் கிடந்தது. மறுபடி வைத்தான். மறுபடியும் முழுசு.

பழத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். “தாங்குமுங்க. ஏறுங்க.”

சில நாள் கழித்து, தாயையும் பிள்ளையையும் அதே டயரில் கூட்டிவந்து வீட்டில் இறக்கினான். வாடாத அந்தப் பழத்தை மீண்டும் அந்த டயருக்கு அடியில் வைத்து நகர்த்தினான். சாறு தெறித்தது.

“இனி இந்த டயர் ஆகாதுங்க,” என்று சிரித்தான்.