கடைசிச் சொட்டு

"ஏம்மா, பாட்டில்ல பங்க் பேரு வெளியில தெரியுற மாதிரியா கொண்டு வருவே? பேரை மறைச்சு நம்பர் ஒட்டணும்னு உனக்கு யாரும் சொல்லித் தரலையா?"

பெட்ரோல் சோதனை லேப் கெமிஸ்ட் போட்ட சத்தத்தில் சாம்பிள் கொண்டுவந்த பெண் வெலவெலத்துப் போனாள். "மறந்துட்டேன் சார். வேலைக்குச் சேர்ந்து இதுதான் முதல் வாரம்" என்றாள். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத முகம்.

"சரி சரி, வச்சிட்டு அப்படி ஓரமா உட்காரு." கடுகடுவென்று சொன்னாரே தவிர, உள்ளுக்குள் அவருக்குக் குளுகுளுவென்று இருந்தது. ஒரு பாட்டிலில் மார்க்கெட் பங்க் என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் ஸ்டேஷன் ரோடு பங்க், அதாவது அவருடைய அண்ணன் பங்க்.

அப்பா கட்டிய பங்க் அது. இவர் வெளியூரில் படித்துக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து அண்ணன் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டார். அண்ணன் கல்லாவில் உட்கார்ந்திருக்க, இவர் இங்கே ஊரார் பெட்ரோலைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார். போன இரண்டு தடவையும் அண்ணனுடைய நம்பர் எது என்று கண்டுபிடிக்க, ஆபீஸ் கிளார்க்குக்கு டீ வாங்கிக் கொடுத்தே ஓய்ந்துபோனார்.

போன் அடித்தது. அண்ணன்தான்.

"தம்பி, நம்ம பங்க் சாம்பிள் வந்துச்சாடா? இந்தத் தடவையும் ஃபெயில்னா பூட்டிடுவாங்களாம். நான் ஒரு சொட்டுகூட கலக்கலைடா. நீ ஒழுங்கா பார்த்துச் சொன்னா அதுவே போதும்."

"லேப்ல அண்ணன் தம்பியெல்லாம் கிடையாதுண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் தலா நூறு மில்லி ஊற்றிச் சூடேற்றினார். பெட்ரோல் ஆவியாகி, குளிர்ந்து, சொட்டுச் சொட்டாக அளவுக் குழாயில் இறங்கியது. நல்ல பெட்ரோல் இருநூற்றுப் பத்து டிகிரிக்குள் கடைசிச் சொட்டுவரை ஆவியாகிவிடும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் அதற்கு மேலும் இழுத்துக்கொண்டு போகும்.

மார்க்கெட் பங்க் நூற்றுத் தொண்ணூற்றெட்டில் முடிந்தது. ஸ்டேஷன் ரோடு பங்க்கும் அதே நூற்றுத் தொண்ணூற்றெட்டு. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார், ஒரு டிகிரிகூட முன்னே பின்னே இல்லை.

அண்ணன் யோக்கியனாக இருப்பது அவருக்குத் தாங்கவில்லை. வீட்டில் அடித்த கொள்ளையைக் கடையிலும் அடித்துத் தொலைத்தால்தான் என்ன? ஸ்டேஷன் ரோடு பங்க்குக்கு நேரே இருநூற்று முப்பத்தொன்று என்று எழுதி, 'தேறவில்லை' என்று கையெழுத்துப் போட்டார்.

ரிப்போர்ட்டை வாங்கிப் படித்த பெண், "சார், ஸ்டேஷன் ரோடை இன்னொரு தடவை பார்த்துடலாமா?" என்று கேட்டாள்.

"எத்தனை தடவை பார்த்தாலும் கலப்படம் கலப்படம்தாம்மா. தெர்மாமீட்டர் பொய் சொல்லுமா?"

அவள் ரிப்போர்ட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே அவருக்கு எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். பேச்சில் பழைய பயம் இல்லை.

"நான் ஆயில் கம்பெனி தலைமை ஆபீஸ்ல தரக் கண்காணிப்பு அதிகாரி சார். உங்க அண்ணன் பெட்ரோல் மத்த லேப்ல எல்லாம் பாஸாகுது, இங்க மட்டும் ஃபெயிலாகுது. தம்பி மேல புகார் எழுதிக் கொடுங்கன்னு அவர்கிட்ட கேட்டோம். 'என் தம்பி அப்படிச் செய்யமாட்டான்'னு சொல்லிட்டார்."

கெமிஸ்ட் அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை.

"அண்ணனா இருந்தா என்னம்மா? அவர் பெட்ரோல்ல மண்ணெண்ணெய் இருக்கு. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"ரெண்டு பாட்டில்லயும் இருக்கிறது என் வண்டி பெட்ரோல் சார்."