வாங்கியவர் அழிக்க வேண்டிய ஓவியம்

இறந்துபோன மகன் இனியனை அமுதவல்லி நீரில் கரையும் சாயத்தால் வரைந்தாள். பிறகு அந்த ஓவியத்தின் முன்னாலிருந்து எழுந்திருக்க முடியவில்லை; அழிக்கவும் கை வரவில்லை. வாங்குபவர் நாள்தோறும் ஈரக்கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து முழுவதையும் அழித்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு கண்காட்சியில் வைத்தாள். ஓவியங்கள் சேகரிக்கும் கோதண்டராமன் சம்மதித்து வாங்கிப்போனார்.

மழைக்காலம் முடிவதற்குள் அவளுக்குப் பொறுக்கவில்லை. மிச்சத்தையாவது திருப்பிக் கேட்கலாமென்று அவர் வீட்டுக்கே போனாள். அவள் வாய் திறக்குமுன் அவர் வெறும் கான்வாஸைக் காட்டினார்.

“நீங்க சொன்னபடியே செஞ்சுட்டேம்மா. கண்ண அழிக்க மட்டும் மனசே வரல, தள்ளிப்போட்டுட்டே இருந்தேன். இன்னிக்குக் காலைலதான் துடைச்சேன்.”

“நல்லதுங்க” என்றாள்.

கான்வாஸில் கண் இருந்த இடத்தில் கை வைத்தாள். அந்த இடம் இன்னும் காய்ந்திருக்கவில்லை.