இரண்டு தடவை சொல்பவள்

"இதுவும் வேண்டாம்" என்று மைக்கம்மா தலையை ஆட்டினாள். ஆப்காரர் அவள் கையிலிருந்து போனை வாங்கி, அந்த ஆப்பையும் அழித்தார்.

கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பட்டப்பகலில் அவருடைய போன் கடை இப்படிக் கிடந்ததைத் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

ஊருக்கெல்லாம் ஆப் சொல்லியே பேர் வாங்கிய மனிதர். சார்ஜர் வாங்க வந்தவரைக்கூடச் சும்மா விடமாட்டார். தூக்கம் வரவில்லையா, அதற்கு ஒன்று இருக்கிறது. குழந்தை சாப்பிட அடம்பிடிக்கிறதா, அதற்கும் ஒன்று இருக்கிறது என்று நாலைந்தை ஏற்றிவிட்டுத்தான் அனுப்புவார். அப்பேர்ப்பட்டவர், கட்டிய பெண்டாட்டிக்கு ஒரு ஆப் சொல்ல முடியாமல் காலையிலிருந்து திண்டாடுகிறார்.

நாளைக்கு அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு பேச்சு கிடையாது.

பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த பிளாட்பாரத்தில் நிற்கிறது என்று ஆயுசில் பாதியை மைக்கில் சொல்லியே கழித்தவள் அவள்.

எழுதினால் பேசுகிற ஆப்களை எல்லாம் காட்டிப் பார்த்துவிட்டார். ஒன்றில் பேசிய பெண், போனில் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் பாட்டுப் போடுகிறவளைப் போல இருந்தாள். இன்னொருத்தி தேன் வழியப் பேசினாள். மைக்கம்மா இரண்டு பேரையும் துரத்தினாள்.

"என் வீட்டுல இன்னொருத்தி குரல் எதுக்குங்க?"

கரகரத்துப் போன குரல்தான். ஆனாலும் அவளுடையது.

அவரும் லேசில் விடுகிற ஆள் இல்லை. தோண்டித் துருவிக் கடைசியில் ஒன்றைப் பிடித்துவிட்டார். திரை முழுக்கக் கட்டம் கட்டமாகப் பட்டன்கள். ஒவ்வொன்றிலும் சொந்தக் குரலைப் பதிந்து வைத்துக்கொள்ளலாம். தொட்டால் பேசும்.

முதல் வரிசைக்குப் படமும் ஆப் செய்தவர்களே போட்டு வைத்திருந்தார்கள். தண்ணீர் டம்ளர், வலியில் சுருங்கிய முகம், போர்வை, நர்ஸ். குரல் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அதெல்லாம் கையைக் காட்டினால் புரியாதா என்று சொல்லி, மைக்கம்மா அந்த வரிசையைத் தாண்டிப் போனாள்.

இரண்டாம் வரிசையில் போனை வாய்க்கு நேராகப் பிடித்தாள். முதுகு தானாக நிமிர்ந்தது. மைக்கைத் தட்டுகிற பழக்கத்தில் போனையும் ஒரு விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்க. ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்க."

இரண்டு தடவை எதற்கு, பட்டனை மறுபடி அழுத்தினால் மறுபடி பேசுமே என்றார் ஆப்காரர். முதல் தடவை சொல்வது ஒருத்தர் காதிலும் ஏறாது, இத்தனை வருஷத்தில் தான் கற்ற தொழில் ரகசியமே அதுதான் என்றாள்.

பிரஷர் மாத்திரை போட்டாச்சா என்று இரண்டு தடவை கேட்டாள். கேஸை மூடினீர்களா, போய்ப் பாருங்கள் என்றாள். மகள் போன் பண்ணினால் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடக் கூடாது, ராத்திரி பின்கதவுத் தாழ்ப்பாளை ஒரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும், அந்த நீலச் சட்டையைத் துவைக்காமல் திரும்பவும் மாட்டக் கூடாது. நடுவில் இருமல் வந்தது. ஓய்வெடு என்று அவர் போனை வாங்கப் போனார். அவள் கொடுக்கவில்லை.

ஒரு நல்ல வார்த்தைகூடவா கிடைக்கவில்லை என்று அவர் சிரித்தார்.

"நல்லதைக் கண்ணாலயே சொல்லிடலாம். திட்டறதுக்குத்தாங்க குரல் வேணும்."

எல்லாம் பதிந்து முடிந்ததும் போனை அவர் பக்கம் தள்ளினாள். இதை அப்படியே உங்கள் போனிலும் ஏற்றிவிடுங்கள் என்றாள், உப்பு போதுமா என்று கேட்கிற மாதிரி.

நீ பக்கத்தில் இருந்து அழுத்தப்போகிறாய், என் போனில் எதற்கு என்று கேட்க வாயெடுத்தார். அதை விட்டுவிட்டு, பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

துண்டு. மாத்திரை. கேஸ். மகள். தாழ்ப்பாள்.

இரண்டாம் தடவை கேட்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. எல்லாம் வீட்டில் தனியாக இருக்கிற ஒரு ஆம்பளைக்குச் சொன்னவை. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவள் கேட்கிற மாதிரி ஒன்றுகூட இல்லை. முதல் வரிசை அப்படியே காலியாக இருந்தது.

நேற்று அவரை மருந்து வாங்கிவர அனுப்பிவிட்டு டாக்டர் அவளிடம் தனியாகப் பேசிக்கொண்டிருந்தது ஞாபகத்துக்கு வந்தது.

"என் போன்ல இடமில்ல" என்றார்.

அவர் முதுகுக்குப் பின்னால் சுவர் முழுக்க மெமரி கார்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன.

அவள் அவரையே பார்த்தாள். அவர் பார்வையைத் திருப்பவில்லை. அவளுடைய போனில் முதல் வரிசைக்குப் போய், டம்ளர் படத்தைத் தொட்டு, அவள் வாய்க்கு நேராக நீட்டினார். இன்னொரு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு நீ எழுந்திரிச்சதும் இதைத்தான் முதல்ல அழுத்தப்போற. சொல்லு."

அவள் ஒரு கையால் போனை விலக்கப் பார்த்தாள். அவர் போனை இறக்கவில்லை.

"தண்ணி வேணும்" என்றாள், யாருக்கோ சொல்வதைப் போல.

ஆப்காரர் பதிவை நிறுத்தாமல் காத்திருந்தார்.

மைக்கம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். முதுகை நிமிர்த்தினாள். போனை ஒரு விரலால் தட்டினாள். பிறகு, கடைசி பிளாட்பாரம் வரைக்கும் கேட்கிற குரலில் இரண்டாம் தடவை சொன்னாள்.